ஏரிக்கரை மரக் கொங்சியில் நம்மவர்கள் இருந்தார்களா?

கேள்வி: 3 மார்ச் 2023
போன பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெமெங்கோர் ஏரிக்குப் போயிருந்தோம். படகுக்காரர் ஒரு கரையைக் காட்டி, அங்கே முன்பு மரவெட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள், இந்தியர்களும் இருந்தார்கள் என்றார். நான் சுங்கை சிப்புட் பையன். தோட்டத்துக் கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதே இல்லை. காட்டை அழித்து இந்த நாட்டை உருவாக்கியது நம் முன்னோர்தான் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அப்படியானால் அந்த மரங்களை வெட்டியதும் நாம்தானே? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

3 மார்ச், இரவு
இருந்தார்கள். என் சின்னையா இருந்தார். ஆனால் ரம்பம் அவர் கையில் இல்லை.

அவர் முதலில் பாலாக் லோரியில், அதாவது வெட்டிய மரம் ஏற்றும் லோரியில், கெலிண்டான் (உதவியாள்), அப்புறம் ஓட்டுநர். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், எழுபதுகளில் அந்த ஏரிக்குப் பக்கத்து ஊரான கிரிக் பக்கம் போய்விட்டார். மாதம் ஒருமுறை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். சட்டையில் கெருயிங் மரத்து எண்ணெய் வாடை அடிக்கும். பாட்டி அந்தச் சட்டையைத் தனியாகத்தான் ஊறவைப்பாள், மற்ற துணியோடு சேர்க்கவே மாட்டாள்.

சின்னையா சொன்னபடி, கொங்சி என்பது மரவெட்டு ஆட்கள் தங்கக் காட்டுப் பலகையில் நீளமாக அடித்த ஒரே கொட்டகை. தகரக் கூரை. நடுவே நடக்க வழி, இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் பலகை மேடை, அதன் மேல்தான் பாயும் கொசுவலையும். ஒரு கோடியில் சமையல். பின்னால் ஓடை. சங்கிலி ரம்பம் பிடித்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், கிளந்தான் மலாய்க்காரர்களும் உண்டு. டிராக்டர் ஓட்டியவர்கள் சீனர்கள். லோரியில் கலப்பு. நம்மவர்கள் லோரியிலும், கிரிக்கில் மரம் அறுக்கும் ஆலையில் பலகை அடுக்கும் வேலையிலும் இருந்தார்கள்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். கேள்வியின் கடைசி வரி உறுத்துகிறது.

4 மார்ச்
அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். 'காட்டை அழித்தது நாம்தான்.'

தோட்டம் திறந்த விதத்தைப் பாருங்கள். கோலா கங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பெரிய மரமாக இன்னும் அங்கே நிற்கிறது, பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அதற்கு முப்பது ஆண்டுக்குப் பிறகு ரப்பருக்கு வெறி பிடித்தது போல விலை ஏறியது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் காடுகள் மடமடவென்று விழுந்தன. விழுத்தியவர்கள் பெரும்பாலும் குத்தகைக்கு வந்த மலாய்க்காரர்கள், ஜாவானியர்கள், பஞ்சார்காரர்கள், சீனர்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுத்துக்கொண்டு, கும்பலாக வந்து வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. சரிவில் நிற்கும் மரங்களை ஒவ்வொன்றாகச் சாய்ப்பதில்லை. கீழிருந்து மேலாக எல்லா மரத்திலும் பாதி வெட்டு மட்டும் போட்டுக்கொண்டே போவார்கள். உச்சியில் பெரிய மரம் ஒன்றை மட்டும் முழுதாக அறுத்து விடுவார்கள். அது தன் கீழுள்ளதன் மேல் விழ, அது அடுத்ததன் மேல் விழ, மொத்தச் சரிவும் ஒரே இரைச்சலில் படுத்துவிடும். வெயில் காலத்தில் சில வாரம் காயவிட்டு நெருப்பு வைப்பார்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் அந்தச் சாம்பலில்தான் இறங்கினார்கள். எரியாமல் கிடந்த கட்டைகளை இழுத்துக் குவித்துத் திரும்பவும் கொளுத்துவது, கயிறு பிடித்து வரிசை போடுவது, குழி தோண்டுவது, கன்று நடுவது, கான் (வடிகால்) வெட்டுவது, புல் வெட்டுவது, ஆறேழு ஆண்டு கழித்துப் பால் வெட்டுவது. ஒரு தோட்டத்தின் ஆயுள் முழுக்க நடக்கும் வேலை அது. காடு வெட்டுவதோ சில மாத வேலை.

இன்னொன்றும் கவனியுங்கள். அன்றைக்கு எரித்தது அத்தனையும் செங்கால், மெரந்தி, பாலாவ் என்ற காட்டு மரங்கள். இழுத்து வரச் சாலை இல்லை, வாங்க ஆளும் பக்கத்தில் இல்லை, அதனால் நெருப்புத்தான். இன்று செங்கால் பலகை விலை கேட்டால் தலை சுற்றும்.

4 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து
பஞ்சார்காரர்கள் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போர்னியோவின் தென்பகுதியிலிருந்து வந்தவர்கள். கிரியான் பக்கம் நெல்வயல் போட்டதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

5 மார்ச்
எதிர்பார்த்த கோபம் வந்துவிட்டது. 'நம் வரலாற்றை நீங்களே குறைக்கிறீர்கள்' என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். குறைக்கவில்லை அண்ணே. கோடரி பிடித்ததற்குப் பெருமை கேட்டால் பங்கு கேட்க நாலு இனத்தார் வருவார்கள். சாம்பலில் இறங்கி, மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்து, அந்த மண்ணை வருமானம் தருகிற தோட்டமாக்கியது யார் என்று கேட்டால் யாரும் பங்குக்கு வர மாட்டார்கள்.

ஆனால் நேற்று எழுதியதில் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. தோட்டத்துக்கு வெளியே நம்மவர்கள் மரத்தோடு புழங்கிய இடங்கள் நிறைய. சடக்கு (சாலை) போட்டது, தந்திக் கம்பிக்கு வழி வெட்டியது, ரயில் தண்டவாளம். காராய்க்குப் பக்கத்தில் பேராக் ஆற்றின் மேல் நிற்கும் விக்டோரியா பாலம் 1900இல் திறந்தது. அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டைகளைத் தோளில் சுமந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பச்சைச் செங்கால் கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். என் தாத்தாவின் அண்ணன் ரயில்வே கூலி. அவருடைய வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும் என்று பாட்டி சொல்வாள்.

விறகும் இருக்கிறது. ரப்பர் சீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கூடத்துக்கு நாள் தவறாமல் விறகு வேண்டும். அந்த விறகைப் பிளந்து அடுப்பில் தள்ளி, சூடு ஏறாமலும் இறங்காமலும் ராத்திரி பூராவும் பார்த்துக்கொண்டது தோட்டத்து ஆள்தான். சூடு கூடினால் சீட்டில் கொப்புளம் வந்துவிடும். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) கத்துவார்.

5 மார்ச், இரவு
விறகு என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வட்டாரத்தில் காட்டை ஒரு காலத்தில் அதிகம் தின்றது ஈயச் சுரங்கம். கிந்தா பள்ளத்தாக்கில் நீராவிப் பம்புக்கு விறகு, ஈயம் உருக்கக் கரி. சுரங்கத்தைச் சுற்றிப் பல மைலுக்கு மரம் இல்லாமல் போயிற்று. அப்புறம்தான் பேராக் ஆற்றில் செண்டெரோ அணை கட்டினார்கள். 1930இல் முடிந்தது. கிந்தா சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுக்கத்தான் அது வந்ததே. நம் ஆற்றில் பெரிய செயற்கை ஏரி என்று உருவானது அதுதான் முதலில். இப்போது அதே ஆற்றில் மேலிருந்து கீழாகத் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று நாலு அணை.

சவுக் தாண்டி லெங்கோங் போகிற வழியில் செண்டெரோ ஏரி தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு மோட்டாரில் போகும்போது, அந்தத் தண்ணீருக்குள் ஊர் இருக்கிறது என்று பயம் காட்டுவார். நான் இரண்டு காலையும் தூக்கிக்கொள்வேன்.

7 மார்ச்
'ஏரிக்கரையில் நூறு வருஷமாக மரவெட்டு ஊர் இருந்தது' என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். நூறு வருஷத்துக்கு முன் அங்கே ஏரியே இல்லை ஐயா. தெமெங்கோர் அணை எழுபதுகளின் நடுவில் கட்டத் தொடங்கி, எழுபதுகளின் கடைசியில்தான் முடிந்தது. உயரம் 127 மீட்டர். தேங்கிய தண்ணீர் சுமார் 15,000 ஹெக்டர். பண்டிங் என்று நீங்கள் பாலம் தாண்டி இறங்குகிற தீவு, முன்பு மலையின் மேல்பகுதி. தெமெங்கோர் என்று ஒரு மலாய்க் கம்பம் (கிராமம்) இருந்தது, தண்ணீருக்குள் போய்விட்டது. ஜாஹாய், தெமியார் பழங்குடி மக்கள் ஆற்றோரக் குடிகளை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அவர்களைச் சேர்த்து வைத்த குடியேற்றங்கள்தான் பானுன், கெமார் எல்லாம்.

ஆக முதலில் காடு, அப்புறம் மரக் கொங்சி, அதற்கும் அப்புறம்தான் ஏரி. தண்ணீர் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் எடுக்க முடிந்த மரத்தை எல்லாம் எடுக்க ஓடினார்கள். எடுக்க முடியாமல் போனவைதான் இன்றைக்கும் தண்ணீருக்கு மேலே மொட்டையாக நிற்கின்றன, படத்தில் எல்லாரும் போடுகிறீர்களே. சின்னையா வேலை பார்த்த முதல் கொங்சி இப்போது தண்ணீருக்கு அடியில் எங்கோ இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது கொங்சிகள்தான் ஏரிக்கரைக் கொங்சிகள். படகுக்காரர் காட்டியது அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

7 மார்ச், மதியம்
கிரிக்கிலிருந்து ஓர் அக்கா எழுதியதைப் படித்தீர்களா? அவருடைய அப்பா கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வேலையில் இருந்தவராம். அவர் சொல்வது சரி, அந்தச் சாலை இல்லாவிட்டால் இந்தக் கதையே கிடையாது. கிரிக்கிலிருந்து கிளந்தானின் ஜெலி வரை, 1970இல் தொடங்கி 1982இல்தான் திறந்தார்கள். பன்னிரண்டு வருஷம். காரணம் மலை மட்டுமல்ல, காட்டில் ஆயுதத்தோடு இருந்த கம்யூனிஸ்டுகளும். 1974இல் வேலைத்தளத்தைத் தாக்கி இயந்திரங்களைக் கொளுத்தினார்கள், ஆட்களும் செத்தார்கள். திறந்த பிறகும் பல வருஷம் இரவில் சாலையை மூடிவிடுவார்கள்.

சின்னையாவுக்கு அதுதான் பெரிய தலைவலி. மதியம் மழை பிடித்துக்கொண்டால் காட்டுப் பாதை சேறாகிவிடும், லோரி ஏறாது. சடக்குக்கு வந்து சேர்வதற்குள் தடுப்புப் போட்டுவிட்டால் லோரியிலேயே ராத்திரி. ஒரு தடவை கெலிண்டான் பையன் இரண்டு பேரோடு ஒரே இருக்கையில் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறார். யானை வந்து லோரியின் பின்பக்கம் முதுகைத் தேய்த்ததாம். மூன்று பேரும் மூச்சு விடவில்லை. தேய்த்து முடித்துவிட்டுப் போகும்போது பக்கக் கண்ணாடியை ஒடித்துக்கொண்டு போயிற்று. தவுக்கே (சீன முதலாளி) கண்ணாடிக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். யானை என்றால் நம்பவில்லை.

8 மார்ச்
லோரியைப் பற்றி விளக்கமாகக் கேட்டிருக்கிறார்கள். சந்தோஷம், எனக்குப் பிடித்த இடம்.

இரண்டு வகை லோரி. காட்டுக்குள் ஓடுவது 'சந்தாய்வோங்'. பழைய ராணுவ லோரியைப் பிரித்து மேய்ந்து கட்டியது. கதவு இருக்காது, விபத்தென்றால் குதிக்க வசதி. முன்னால் இரும்பு மரமாக ஒரு சட்டம், அதில் விஞ்ச் என்ற இழுவை உருளையும் கம்பி வடமும். அந்த வடத்தை மரத்தில் மாட்டி, தானே இழுத்துத் தன் முதுகில் ஏற்றிக்கொள்ளும். டிராக்டர் காட்டின் உள்ளிருந்து சரிவு வழியாக மரத்தை இழுத்து வந்து ஒரு மேட்டில் போடும், அங்கிருந்து சந்தாய்வோங் கீழே கொண்டு வரும். கீழே மரம் சேர்க்கும் களத்திலிருந்து ஆலை வரைக்கும் நீளமான சடக்கு லோரி. சின்னையா ஓட்டியது இந்த இரண்டாவது வகை.

களத்தில்தான் கணக்கு. முதலில் பட்டையை உரிப்பார்கள். நீளம் ஒரு நாடா, நடுச் சுற்றளவு ஒரு நாடா. நடுவில் பொந்து இருந்தால் கழிக்க வேண்டும், அங்கேதான் சண்டை வரும். கழிவு கூடினால் தவுக்கேக்கு வரி குறையும், வெட்டினவனுக்குக் கூலியும் குறையும். டன் கணக்கு என்பார்கள், ஆனால் எடைபோட்டதே இல்லை. ஹோப்பஸ் என்ற மர அளவுமுறையில் 50 கன அடி ஒரு டன், இன்றைய கணக்கில் 1.8 கன மீட்டர். வன இலாகா ஆள் வந்து மரத்தின் வெட்டு முகத்தில் சுத்தியலால் ஓங்கி அடிப்பார், சுத்தியல் தலையில் உள்ள குறி மரத்தில் பதியும். அந்தக் குறி இல்லாத மரம் சடக்கில் பிடிபட்டால் திருட்டு மரம். சின்னையா சங்கிலி கட்டுவதற்கு முன் ஒவ்வொரு மரத்தின் குறியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். 'சாக்பீஸால எழுதினாலும் கண்ணுக்கு ஒண்ணுதான்டா' என்றார்.

மூன்று மரம் ஏற்றினால் சங்கிலி, நடுவில் முளைக் கட்டை. இறக்கத்தில் சங்கிலி அறுந்தால் மரம் நேரே ஓட்டுநர் அறைக்கு வரும். அப்படிச் செத்தவர்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

8 மார்ச், இரவு
கிரிக் அக்காவுக்கு: ஆமாம், செங்கால் மட்டுமல்ல, கெம்பாஸும் தண்டவாளக் கட்டைக்குப் போயிற்று. கெம்பாஸ் அப்படியே போட்டால் பூச்சி அரிக்கும், மருந்து ஏற்றிப் போடுவார்கள். துவாலாங் மரத்தை ஏன் விட்டுவைத்தார்கள் என்றால் மலைத்தேன். உச்சியில் பெரிய பெரிய அடைகள் தொங்கும், தேன் எடுப்பவர்களுக்கு அந்த மரம் சொத்து. கூடவே அதை அறுத்தால் ரம்பம் கெட்டுவிடும் என்பதும் உண்டு. எது முதல் காரணம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

10 மார்ச்
சரி, பால் வெட்டிக்கொண்டிருந்தவர் ஏன் காட்டுக்குப் போனார்? கேள்வி கேட்ட தம்பி இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரன் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினான். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டு போட்ட தோட்டத்தில் லயமும் (தொழிலாளர் வரிசை வீடு) இல்லை, பெரட்டும் (காலையில் ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடுவது) இல்லை, பத்து ஏக்கர் வாங்கினவன் தன் ஆளை வைத்து வெட்டிக்கொள்வான். அதைத் தடுக்கத்தான் நம் சுங்கை சிப்புட்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக)ச் சேர்த்தார். அந்த ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த வீடுகள் எங்கள் லயத்தில் இருந்தன. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியுமா? எங்கள் பக்கத்தில் போனது போனதுதான்.

அதற்கு மேல் 1969இல் வேலை பெர்மிட். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரன் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இங்கேயே பிறந்து, பதிவுச் சீட்டைத் தொலைத்தவர்கள், எழுதத் தெரியாததால் விண்ணப்பம் போடாதவர்கள் எல்லாரும் மாட்டினார்கள். பல்லாயிரம் பேர் கப்பல் ஏறி ஊருக்கே போய்விட்டார்கள். சின்னையாவின் அட்டையும் சிவப்பு. அவருக்குப் போக ஊர் எது? தமிழ்நாட்டில் எந்த மாவட்டம் என்றுகூட அவருக்குத் தெரியாது. காட்டுக் கொங்சியில் அட்டையின் நிறத்தைப் பார்ப்பவர் இல்லை. ஆள் வந்தால் சோறு, வேலை செய்தால் காசு.

இதில்தான் இன்னொரு முகமும் இருக்கிறது. கேட்காதவன் கொடுக்கவும் மாட்டான். சேமநிதி கிடையாது, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியும் கிடையாது. சட்டத்தில் எல்லாம் இருந்தது, குத்தகைக்காரரின் ஏட்டில் சின்னையாவின் பெயர்தான் இல்லை. பின்னாளில் முளைக் கட்டை நழுவிக் கால் நசுங்கியபோது தவுக்கே மருத்துவமனைச் செலவைக் கட்டினார், கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார், அதோடு முடிந்தது. நல்ல மனுஷன் என்றுதான் சின்னையா கடைசி வரை சொன்னார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

11 மார்ச்
கம்யூனிஸ்ட் பேச்சு வந்ததால் 1948ஐப் பற்றிக் கேட்கிறார்கள். சுங்கை சிப்புட்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். ஜூன் 16ஆம் தேதி காலை, எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம். மரக் கொங்சிகளுக்கு அது கெட்ட காலம். காட்டுக்குள் சோறு வடிக்கிற எவன் மேலும் சந்தேகம், கம்யூனிஸ்டுக்கு அரிசி போகிறது என்று. கொங்சிக்காரர்களைக் கேட்டால் அரசாங்கப் பக்கமும் மிரட்டல், கம்யூனிஸ்ட் பக்கமும் மிரட்டல். அவசரகாலம் 1960இல் முடிந்தாலும் எல்லையை ஒட்டிய காட்டில் 1989 டிசம்பர் சமாதான ஒப்பந்தம் வரை ஓயவில்லை. சின்னையா கொங்சியில் இருந்த காலம் முழுக்க இதற்குள் அடங்கிவிடுகிறது. அரிசி மூட்டை ஏற்றி வரும்போது எத்தனை மூட்டை, எத்தனை வாய் என்று தடுப்பில் கேட்பார்களாம்.

12 மார்ச்
சாப்பாடு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

சமையல்காரர் ஹக்கா கிழவர். காலையில் கோப்பியும் சோறும், கருவாடு, கீரை. பன்றி மாட்டினால் கொண்டாட்டம், அன்றைக்கு மலாய்க்காரர்களுக்குத் தனி அடுப்பு. சின்னையா வீட்டிலிருந்து கறித்தூள் டின்னில் கொண்டுபோவார். கிழவர் அதை எதில் போடுவது என்று தெரியாமல் முட்டைக்கோஸ் சூப்பில் போட்டாராம். கொங்சியே சின்னையாவைத் திட்டியது. ஒரு மாதம் கழித்துக் கறித்தூள் தீர்ந்ததும் அதே ஆட்கள் எங்கே அந்த மஞ்சள் சூப் என்று கேட்டார்கள்.

ஏரி வந்ததும் மீன் வந்தது. தோமான் பெருத்துப்போயிற்று, செபாராவும் உண்டு. செபாராவில் முள் அதிகம், சுவையும் அதிகம். தோமானைப் புளி ஊற்றிக் குழம்பு வைக்க வேண்டும், வறுத்தால் வீண். இதில் எதிர்க்கருத்து உள்ளவர்கள் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம்.

12 மார்ச், இரவு
சொன்னேனே, ஏழு பேர் மீனைப் பற்றி எழுதிவிட்டீர்கள்.

14 மார்ச்
இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். கொங்சியை நாம் ஊர், குடியிருப்பு என்று எழுதிக்கொண்டே போகிறோம். அது அப்படியா?

தோட்டம் என்றால் கோயில் இருக்கும், தமிழ்ப்பள்ளி இருக்கும், கள்ளுக்கடை, பந்துத் திடல், இடுகாடு இருக்கும். தோட்டம் போன பிறகும் செம்பனைக்கு நடுவே மாரியம்மன் கோயில் தனியாக நிற்கிறது, திருவிழாவுக்கு ஷா ஆலத்திலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டால் பெயர் சொல்லலாம். கொங்சிக்குப் பெயரே கிடையாது. தவுக்கேயின் பெயர், இல்லாவிட்டால் மைல் கல்லின் எண். பெண்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை. அந்தக் காட்டுப் பகுதிக்குக் கொடுத்த உரிமம் முடிந்ததும் தகரத்தைக் கழற்றி லோரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள். ஓரிரு வருஷத்தில் பலகை மக்கிப் புதர் மூடிவிடும். அங்கே எட்டு வருஷம், பத்து வருஷம் உழைத்தவனின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. நம் சங்கங்கள் வெளியிடும் மலர்களில் தோட்டத் தொழிலாளிக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு, மர லோரிக்காரனுக்கு ஒரு வரி கிடையாது. உங்கள் கேள்விக்கு இத்தனை பேர் ஆச்சரியப்பட்டதே அதனால்தான் தம்பி.

14 மார்ச், பின்னேரம்
கோயில் இல்லை என்று எழுதியதும் மனசு கேட்கவில்லை. கோயில் இல்லைதான், சாமி இருந்தது.

காட்டுப் பாதை சடக்கில் ஏறும் முனையில் ஒரு மரத்தடியில் முனியாண்டி. சின்னையாவும் இன்னும் இரண்டு ஓட்டுநர்களும் வைத்தது. செதுக்கிய சிலை எல்லாம் இல்லை, உடைந்த லோரி ஸ்பிரிங் தகட்டைக் கிரிக் பட்டறையில் கொடுத்து அடித்த சூலம். முன்னால் ஒரு கல். சுருட்டு, எலுமிச்சம்பழம். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே சீன ஓட்டுநர்கள் தங்கள் காவல் தெய்வமான நாத்தோக் கோங்குக்குச் சிவப்புப் பெட்டி வைத்தார்கள். இறக்கத்தில் வரும் எந்த லோரியும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஹாரன் அடிக்கும். மலாய்க்கார ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள், ஆனால் அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பார்கள்.

கிரிக் அக்கா, நீங்கள் பார்த்ததாக எழுதிய சூலம் இதுவாக இருக்க வாய்ப்பு உண்டு. ஸ்பிரிங் தகடு என்றால் முனையில் போல்ட்டு ஓட்டை இருக்கும். அடுத்த முறை பாருங்கள்.

17 மார்ச்
மரவெட்டுக் காலம் முடிந்த விதத்தைக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1985இல் தீபகற்பத்திலிருந்து முழு மரமாக ஏற்றுமதி செய்யக்கூடாது என்று தடை. உள்ளூர் ஆலைகளுக்குத்தான் மரம். 1993இல் வனச்சட்டத்தைத் திருத்தித் திருட்டு மரத்துக்கு ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை என்றார்கள். நெடுஞ்சாலைக்கு வடக்கே உள்ள காடு 2007இல் ராயல் பெலும் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, 1,17,500 ஹெக்டர். தெற்கே தெமெங்கோர் பக்கம் வெட்டு நிற்கவில்லை. 2019இல் கிரிக் பக்கத்துத் தெமியார் கிராமத்தார் லோரி போகாமல் தடுப்புப் போட்டு நின்றது செய்தியில் வந்தது. யார் காட்டை யார் வெட்டினார்கள் என்று நாம் இத்தனை நாள் இங்கே பேசினோம். அந்த லோரிகளில் ஒன்றைச் சின்னையா ஓட்டியிருந்தால் அவர்கள் அவரையும்தான் மறித்திருப்பார்கள். இதைச் சொல்லும்போது அவர் இருந்தால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

18 மார்ச்
ரப்பர் மரத்தையே இப்போது பலகைக்கு வெட்டுகிறார்களே, அது இந்தக் கணக்கில் வராதா என்று ஒரு தம்பி. வரும். இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்து மறுநடவு. முன்பு அந்த மரம் விறகு, கரி, இல்லையேல் அங்கேயே எரிப்பு. அறுத்த சில நாளிலேயே நீலம் பூத்துவிடும், வண்டு துளைத்துவிடும், அதனால் யாரும் பலகைக்குத் தொடவில்லை. அறுத்த உடனே போரான் மருந்து ஏற்றி, சூளையில் காயவைக்கப் பழகிய பிறகு நிலைமை மாறிற்று. இன்று மூவாரில் செய்து கப்பல் ஏறும் மேசை நாற்காலியில் பெரும்பகுதி நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய அதே இன மரம்தான். எங்கள் பழைய தோட்டத்தின் கடைசி ரப்பர் காட்டைச் சாய்த்தபோது போய்ப் பார்த்தேன். ரம்பம் பிடித்தவர் இந்தோனேசியர், லோரி ஓட்டியவர் நம்மவர்.

19 மார்ச்
தண்ணீரில் நிற்கும் மொட்டை மரங்களை இப்போது வெட்டி விற்க முடியாதா என்று கேட்டவருக்கு: தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதி காற்றுப் படாததால் சட்டென்று மக்காது, கெனிர் ஏரியில் அப்படி எடுத்திருக்கிறார்கள். நனைவதும் காய்வதுமாக இருக்கும் நீர்மட்டத்துப் பகுதிதான் முதலில் போகும். அங்கே ஒடிந்த மரத்தின் மிச்சம், மழைக்காலத்தில் தண்ணீருக்கு ஓரடி கீழே நிற்கும், மேலிருந்து தெரியாது. படகு எடுக்கிறவர்கள் உள்ளூர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் போவதற்குள் ஜெட்டிக்குத் திரும்பிவிடுங்கள்.